ஓநாய்க் காசும் அம்மம்மாவின் கேள்வியும்

போன கிழமை சித்தியின் மகள் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். கண்ணாடிபோல மினுங்கும் ஒரு வெள்ளி நாணயம். கீழே இரண்டு வரி: "அண்ணா, உலகத்திலேயே இது 10,000 தானாம். இன்றைக்கு இரவு வரைக்கும்தான் இந்த விலையாம். வாங்கட்டோ?"

அவளுக்கு 19 வயது. கோப்பிக் கடையில் ஒரு வருடம் வேலை செய்து சேர்த்த காசு வங்கியில் இருக்கிறது. வெள்ளி விலை 2025 ஒக்டோபரில் 1980ஆம் ஆண்டின் உச்சத்தையே தாண்டியதிலிருந்து, அவளுடைய கைபேசியில் இப்படியான விளம்பரங்கள்தான் வந்து விழுகின்றன. உங்களில் பலருக்கும் வந்திருக்கும்.

நான் உடனே பதில் போடவில்லை. மேசை லாச்சியைத் திறந்து என்னுடைய ஓநாய்க் காசை எடுத்துப் பார்த்தேன்.

2012 கோடை விடுமுறையில் நான் ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையில் அரிசி மூட்டை அடுக்கினேன். அந்தச் சம்பளத்தில் 10 வெள்ளி நாணயங்கள் வாங்கினேன். கனடிய நாணயச்சாலை 2011 முதல் 2013 வரை வெளியிட்ட காட்டு விலங்கு வரிசை அது. ஓநாய், கிரிஸ்லிக் கரடி, கூகர், மூஸ், புரொங்ஹோர்ன் மான், காட்டெருமை என்று ஆறு விலங்குகள். ஒவ்வொன்றிலும் ஒரு அவுன்ஸ் வெள்ளி. ஒவ்வொன்றும் 1 மில்லியன்தான் அடிப்போம், அதற்கு மேல் இல்லை என்று அறிவித்திருந்தார்கள். ஓநாய்தான் முதலாவது. நான் வாங்கப் போனபோது அது நாணயச்சாலையில் முடிந்துபோயிருந்தது. கடைக்காரர் ஒன்றை 48 டொலருக்குத் தந்தார். நாலு வாங்கினேன். கூகரும் மூசும் 36 டொலர். அவற்றில் ஆறு.

வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மம்மாவுக்குக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வடிவாய்த்தான் இருக்கு ராசா. இதில வெள்ளிக்கு எவ்வளவு, செய்கூலிக்கு எவ்வளவு?"

"செய்கூலி இல்லை அம்மம்மா. இது நாணயம். நகை இல்லை."

"செய்யாமல் எப்படி வந்தது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மம்மா யாழ்ப்பாணத்தில் நாலு பெண் பிள்ளைகளுக்கு நகை செய்வித்தவர். பத்தரிடம் போனால் முதலில் பவுண் விலை, பிறகு கூலி, பிறகு சேதாரம் என்று மூன்றையும் பிரித்துக் கேட்பார். அடகு வைக்கப் போனால் கூலியையும் சேதாரத்தையும் யாரும் திருப்பித் தரமாட்டார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் கேட்டதைத்தான் நாணயம் சேர்ப்பவர்கள் 'பிரீமியம்' என்கிறார்கள். உலோகத்தின் சந்தை விலைக்கு மேலே நாம் கொடுக்கும் காசு. நான் இங்கே 'மேல்விலை' என்றே எழுதுகிறேன்.

மேல்விலை வைப்பது ஏமாற்று வேலை இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வெள்ளியைத் தகடாக்கி, வட்டமாக வெட்டி, அச்சில் அடிக்க நாணயச்சாலைக்குச் செலவு உண்டு. பெரும்பாலான நாணயச்சாலைகள் புல்லியன் நாணயங்களை, அதாவது உலோகத்துக்காக வாங்கும் நாணயங்களை, எங்களுக்கு நேரே விற்பதில்லை. மொத்த வாங்குநர்களுக்கு விற்கும். அமெரிக்க நாணயச்சாலை 2010 ஒக்டோபரிலிருந்து பல ஆண்டுகளாக வெள்ளிக் கழுகு ஒன்றுக்கு உலோக விலைக்கு மேல் 2 டொலர் வைத்து அவர்களுக்குக் கொடுத்தது. அதன் மேல் மொத்த வாங்குநரின் இலாபம், கடைக்காரரின் வாடகை, காப்புறுதி, தபால் செலவு, கடன் அட்டைக் கட்டணம் எல்லாம் ஏறும். இவ்வளவும் சாதாரண நாணயத்துக்கே. 'மட்டுப்படுத்தப்பட்டது' என்ற சொல் வந்தவுடன் இன்னொரு படி ஏறும். அந்தப் படிதான் இந்தக் கட்டுரையின் விஷயம். அது எப்போது உண்மையான பெறுமதி, எப்போது வெறும் சேதாரம்?

இதற்குக் கனடாவின் ஒரு பழைய காசு நல்ல பதில் வைத்திருக்கிறது. அதற்குள் எங்கள் பக்கத்துச் சரித்திரமும் இருக்கிறது.

கனடாவில் 1960கள் வரை சட்டைப் பையில் கிடந்த சில்லறையே வெள்ளிதான். 1920 முதல் 80 வீதம் வெள்ளி. 1967இல் அதைக் குறைக்கத் தொடங்கி, 1968இல் நிக்கலுக்கு மாறினார்கள். அந்தக் காலத்து வெள்ளி டொலர் ஒன்று 23.3 கிராம். அதில் சுத்த வெள்ளி ஏறத்தாழ 0.6 அவுன்ஸ்.

அந்த டொலரின் முன்பக்கத்தில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை. சுற்றிவர லத்தீனில் அவருடைய பட்டம். அதன் கடைசியில் 'இந்தியாவின் பேரரசரும்' என்று பொருள்படும் ஒரு சுருக்கம் இருக்கும். 1947 ஓகஸ்ட் 15இல் இந்தியா சுதந்திரம் அடைந்தது. இனி அந்தச் சொற்கள் நாணயத்தில் இருக்க முடியாது. புதிய அச்சுக்கான மூலப் பிரதிகள் லண்டனிலிருந்து வரவேண்டும். அவை வரத் தாமதமாகின. 1948 பிறந்துவிட்டது, நாட்டுக்குச் சில்லறை தேவை, ஒட்டாவாவிலோ அச்சு இல்லை.

ஒட்டாவாக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பழைய 1947 அச்சையே எடுத்து, ஆண்டுக்குப் பக்கத்தில் மிகச் சின்னதாக ஒரு மேப்பிள் இலையைப் போட்டார்கள். 'இது 1947 என்று எழுதியிருந்தாலும் 1948இல் அடித்தது' என்பதற்கான அடையாளம். புதிய அச்சு வந்து சேர்ந்த பிறகு, அந்த ஆண்டில் மிஞ்சிய காலத்தில் 1948 என்று போட்டு அடித்த வெள்ளி டொலர்கள் 18,780 மட்டுமே.

இலங்கை சுதந்திரம் அடைந்ததும் அதே 1948இல்தான். பாடசாலையில் இந்த ஆண்டுகளைப் படித்தபோது, அவற்றின் தடம் கனடாவின் ஒரு டொலரில் ஒரு சொல் இல்லாமற்போனதாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

இன்று ஓரளவு நல்ல நிலையில் உள்ள 1948 டொலரை வாங்கப் போனால் ஆயிரம் டொலரைத் தாண்டும். உள்ளே இருக்கும் வெள்ளி 0.6 அவுன்ஸ். இதைத்தான் நாணய வியாபாரிகள் எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். 'பாருங்கள், குறைவாக அடித்தால் விலை ஏறும்' என்பார்கள்.

ஆனால் அந்தச் சின்ன இலை போட்ட 1947 டொலர் எத்தனை அடித்தார்கள் தெரியுமா? 21,135. இரண்டு எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விலையில் மட்டும் பெரிய வித்தியாசம். இலை போட்டது 1948இன் விலையில் ஒரு சிறு பங்குக்குத்தான் போகும்.

ஏன்? நாணயம் சேர்ப்பவர்களின் அல்பத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு குழி. 1947இன் குழியை நிரப்ப, இலை இல்லாத சாதாரண 1947 டொலரே போதும். அது 65,595 அடித்தார்கள். 1948இன் குழியை நிரப்ப வேறு வழியே இல்லை. கனடிய டொலர் வரிசையைச் சேர்க்கும் ஒவ்வொருவருக்கும் 1948 ஒன்று வேண்டும். இலை போட்டது, வகை வகையாகச் சேர்ப்பவருக்கு மட்டும் வேண்டும். ஆக விலையை ஏற்றுவது எத்தனை அடித்தார்கள் என்பது மட்டுமில்லை. எத்தனை பேருக்கு அது இல்லாமல் முடியாது என்பதும்தான். விளம்பரத்தில் முதலாவது எண்ணைப் போடுவார்கள். இரண்டாவது எண்ணை யாரும் போடமாட்டார்கள்.

இன்னொன்று. 1948இல் ஒட்டாவாவில் ஒருவரும் 'அரிய நாணயம் செய்வோம்' என்று உட்காரவில்லை. அச்சு பிந்தி வந்தது, அவ்வளவுதான். வாங்கியவர்களும் ஒரு டொலர் கொடுத்து ஒரு டொலர் வாங்கினார்கள். மேல்விலை என்று ஒன்றுமே இல்லை.

வெள்ளி சட்டைப் பையிலிருந்து போன பிறகுதான் எங்கள் கதையின் மற்றப் பாதி தொடங்குகிறது. 1979இன் தொடக்கத்தில் ஓர் அவுன்ஸ் 6 அமெரிக்க டொலர் அளவில் இருந்தது. டெக்சாஸ் எண்ணெய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஹன்ட் சகோதரர்கள் கடன் வாங்கி வாங்கி வெள்ளியைக் குவித்தார்கள். 1980 ஜனவரியில் விலை 50 டொலரைத் தொடப் பார்த்தது. சந்தை விதிகளை இறுக்கியதும் எல்லாம் சரிந்தது. மார்ச் 27, ஒரு வியாழக்கிழமை, விலை 11 டொலருக்குக் கீழே வந்தது. அந்த உச்சத்தின்போது சனங்கள் கரண்டி, தட்டு, பழைய சில்லறை எல்லாவற்றையும் கொண்டுபோய் விற்றார்கள். வாங்கியவர்கள் உருக்கினார்கள். அதனால் பழைய வெள்ளிக் காசுகளில் அடித்த எண்ணிக்கை வேறு, இன்று மிஞ்சியிருக்கும் எண்ணிக்கை வேறு.

அதற்குப் பிறகு வந்த பத்தாண்டில் நாடுகள் வரிசையாக வெள்ளிப் புல்லியன் நாணயங்களை இறக்கின. மெக்சிக்கோ 1982இல் லிபெர்தாத். அமெரிக்கா 1986இல் வெள்ளிக் கழுகு. அதற்கு வெள்ளி வந்தது பாதுகாப்புத் தேவைக்கென்று அரசாங்கம் சேர்த்துவைத்திருந்த கையிருப்பிலிருந்து. கனடா 1988இல் மேப்பிள் இலை. அவுஸ்திரேலியாவின் பேர்த் நாணயச்சாலை 1990இல் கூக்கபரா. கழுகும் இலையும் 'கேட்கிறவர்களுக்கு எல்லாம் அடிப்போம்' என்ற வகை. பேர்த் வேறு வழி போனது. ஒவ்வோர் ஆண்டும் படத்தை மாற்றியது, ஒரு அவுன்ஸ் நாணயத்துக்கு 300,000 என்று ஓர் எல்லையும் போட்டது. உலோகத்தையும் அரிதையும் ஒரே காசில் சேர்த்து விற்கும் யோசனை.

கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஆனால் அதில் இரண்டு ஓட்டை உண்டு.

முதலாவது ஓட்டை, எல்லை என்பது 'அதிகபட்சம்' மட்டுமே. 300,000 என்றால் 300,000 விற்றது என்று அர்த்தமில்லை. அதைவிடக் குறைவாக விற்றிருக்கலாம். சாதாரணமாக அடித்த ஏதோ ஓர் ஆண்டுக் காசு அதைவிட அரிதாகவும் இருக்கலாம். கனடிய மேப்பிள் இலைக்கு எல்லை எதுவும் கிடையாது. ஆனால் 1997இல் வெள்ளி 5 டொலர் அளவில் கிடந்தது, யாரும் கவலைப்படவில்லை. அந்த ஆண்டு அடித்தது ஏறத்தாழ 101,000 இலைகள் மட்டுமே. எல்லை போட்டு விற்ற என்னுடைய ஓநாயில் பத்தில் ஒரு பங்கு! எந்த அறிவிப்பும் இல்லாமல், யாரும் வேண்டாததால் அரிதான காசு. இன்று அதைத் தேடி வாங்குகிறார்கள், மற்ற ஆண்டு இலைகளைவிடக் கூடுதல் விலை கொடுத்து. மெக்சிக்கோவின் 1998 லிபெர்தாத்தும் அப்படித்தான். 67,000 மட்டும்.

அமெரிக்காவில் இதைவிட வேடிக்கையான கதை ஒன்று உண்டு. 1995இல் கழுகு நாணயங்களின் பத்தாம் ஆண்டுக்காக, நாலு தங்க நாணயங்களும் ஒரு வெள்ளிக் கழுகும் சேர்த்து 999 டொலருக்கு ஒரு பெட்டி விற்றார்கள். அந்தக் கழுகு வெஸ்ட் பொயின்ட் நாணயச்சாலையின் குறியோடு வந்தது. தனியாகக் கிடைக்காது. வெள்ளி மட்டும் சேர்ப்பவர்களுக்குச் சரியான கோபம். ஒரு வெள்ளிக் காசுக்காக ஆயிரம் டொலரா என்று பலர் விட்டுவிட்டார்கள். கடைசியில் அது 30,125 தான். இன்று அந்த ஒற்றை வெள்ளிக் கழுகுக்கே, வாங்கிய முழுப் பெட்டியின் விலையைவிடப் பல மடங்கு கொடுக்கிறார்கள். கோடிக்கணக்கில் அடித்த ஒரு வரிசை, அதைச் சேர்ப்பவர்கள் ஏராளம், எல்லாருடைய அல்பத்திலும் அதே ஒரு குழி வெறுமை. 1948 டொலரின் கதைதான் மறுபடியும்.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. எல்லையைப் போட்டவரே அதை மாற்றலாம். ஏற்கெனவே விற்ற ஆண்டுக்கு இல்லை, அடுத்த ஆண்டுக்கு. சீனாவின் வெள்ளிப் பாண்டா 2009இல் 600,000. ஒவ்வோர் ஆண்டும் புதுப் படம், நல்ல மேல்விலை, சேர்ப்பவர்கள் அடிபட்டு வாங்கினார்கள். தேவை இருக்கிறது என்று கண்டதும் 2010இல் 1.5 மில்லியன், 2011இல் 6 மில்லியன், 2012இல் 8 மில்லியன். மூன்று ஆண்டுகளில் பதின்மூன்று மடங்குக்கு மேல்! கூக்கபராவும் 2011இல் 500,000 ஆனது. பழைய பாண்டாவை வைத்திருந்தவர்களுக்கு ஒரு விதத்தில் நல்லது, அவர்களுடையது இன்னும் அரிது. ஆனால் 'பாண்டா என்றாலே அரிது' என்று நம்பி 2011 பாண்டாவுக்குப் பழைய பாண்டாவின் மேல்விலையைக் கொடுத்தவரின் கதி வேறு. என்னைக் கேட்டால், வரிசையின் பெயருக்கு மேல்விலை கொடுப்பதைப்போல மோசமான கணக்கு இல்லை. நான் செய்ததும் அதைத்தான்.

சரி, என் கணக்குக்கு வருகிறேன்.

2015 இலையுதிர் காலத்தில் வாடகை கட்டக் காசு தேவைப்பட்டது. அப்பாவிடம் கேட்க வெட்கம். நாணயங்களை எடுத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். (எந்தக் கடை என்பது முக்கியமில்லை. அவர் தந்தது அந்த நேரத்தில் எல்லாரும் தந்த விலைதான்.) அவர் ஒரு கண்ணாடியைக் கண்ணில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், பால் தெறித்ததுபோல. கனடிய வெள்ளி நாணயங்களில் அந்தக் காலத்தில் அது வழமையான நோய். 2018இல்தான் நாணயச்சாலை அதைக் குறைக்கும் ஒரு முறையை அறிமுகப்படுத்தியது. புள்ளி விழுந்தால் சேர்ப்பவர்களுக்குப் பிடிக்காது, உலோகத்தின் பெறுமதி மட்டும்தான்.

ஓநாய்க்கு 23 டொலர் தருவதாகச் சொன்னார். கூகருக்கும் மூசுக்கும் 20. மூன்று ஓநாய்களையும் மற்ற ஆறையும் விற்றேன். 189 டொலர் கையில் வந்தது. அந்த ஒன்பதுக்கும் நான் கொடுத்தது 360.

பல நாளாக வெள்ளி விலையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். நான் வாங்கியபோது அவுன்ஸ் 28 டொலர் அளவில் இருந்தது, விற்றபோது கனடிய டொலரில் 20 அளவு. விழுந்ததுதானே? ஒரு நாள் பேப்பரை எடுத்து, அம்மம்மாவின் முறையில் பிரித்து எழுதிப் பார்த்தேன். ஓநாயில் நான் இழந்தது 25 டொலர். அதில் வெள்ளி விழுந்ததால் போனது 8 டொலர்தான். மிச்சம் 17 டொலரும் மேல்விலை. நான் 20 டொலர் மேல்விலை கொடுத்தேன், திரும்பி வந்தது 3. மூசில் இழந்தது 16. வெள்ளிக்கு 8, மேல்விலைக்கு 8. அதாவது நான் 'அரிது' என்று தெரிந்தெடுத்து வாங்கிய காசுதான் எனக்குக் கூடுதல் நட்டம் தந்தது. வெள்ளி மேல் பழி போட்டது பிழை.

ஏன் ஓநாய் அரிதாகவில்லை? 1 மில்லியன் என்பது எல்லைதான், ஆனால் ஆறு விலங்கு வரிசையைச் சேர்ப்பவர்கள் 1 மில்லியன் பேர் இருக்கிறார்களா? வாங்கிய பெரும்பாலானோர் என்னைப்போல, நாளைக்கு வேறு யாரோ கூடுதல் விலைக்கு வாங்குவார் என்று வாங்கினவர்கள். எல்லாரும் விற்க வந்தால் வாங்க யார் மிச்சம்? போதாததற்கு வரிசை முடிந்ததும் 2014இல் நாணயச்சாலை வேட்டைப் பறவைகள் என்று அடுத்த வரிசையைத் தொடங்கியது. அதுவும் ஒவ்வொன்றும் 1 மில்லியன். ஓநாயின் பின்னால் போன கண்கள் வல்லூறின் பின்னால் போயின.

மேல்விலை எப்போதும் அரிதால் வருவதும் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாப் பீதியில் வெள்ளியின் சந்தை விலை 12 டொலருக்குக் கீழே போனது. மலிவு என்று நினைத்து ஓடியவர்களுக்குக் கடையில் காசே இல்லை. இருந்த கொஞ்சமும் சந்தை விலையோடு சம்பந்தமில்லாத விலைக்குப் போனது. ஏப்ரலில் வெஸ்ட் பொயின்ட் நாணயச்சாலை சில காலம் மூடியும் இருந்தது. எல்லையே இல்லாத, கோடிக்கணக்கில் அடிக்கும் கழுகுக்குக்கூட மட்டுப்படுத்தப்பட்ட நாணயத்தின் மேல்விலை! அது அரிது இல்லை, தட்டுப்பாடு. தட்டுப்பாடு ஒரு நாள் தீரும், தீர்ந்ததும் அந்த மேல்விலையும் கரையும். அந்த மாதங்களில் கையில் வைத்திருந்ததை விற்றவர்கள்தான் கெட்டிக்காரர்கள்.

இவ்வளவையும் தங்கச்சிக்கு எழுதினால் வாசிக்கமாட்டாள் என்று தெரியும். தொலைபேசியில் கூப்பிட்டேன்.

அந்தக் காசு என்ன, எந்த வரிசை, அதற்கு முன் அந்த வரிசையில் எத்தனை வந்தன என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தாள். வரிசையே இல்லை, தனிக் காசு. அப்படியென்றால் யாருடைய அல்பத்திலும் அதற்கு ஒரு குழி இல்லை. 10,000 என்ற எண் சின்னதுதான், ஆனால் அது இல்லாமல் நித்திரை வராதவர்கள் எத்தனை பேர்?

பிறகு வெள்ளியின் தூய்மையைப் பார்க்கச் சொன்னேன். இது கொஞ்சம் அலுப்பான விஷயம், ஆனால் காசு. கனடாவில் 99.9 வீதத் தூய்மைக்குக் குறையாத வெள்ளி நாணயத்துக்கு விற்பனை வரி கிடையாது. அதற்குக் குறைந்தால் உண்டு. ஒன்ராறியோவில் அது 13 வீதம். அந்த 13 வீதமும் விற்கும்போது திரும்பி வராது. பிரித்தானியாவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதைவிடக் கஷ்டம். அங்கே முதலீட்டுத் தங்கத்துக்கு வரியில்லை, வெள்ளிக்கு 20 வீதம். அங்கே புது வெள்ளி நாணயம் வாங்கினால் கடை வாசலைத் தாண்டும்போதே அம்மம்மாவின் சேதாரம் தொடங்கிவிடும். அவளுடைய காசு 99.99 வீதம், அதனால் அந்தப் பிரச்சினை இல்லை.

கடைசியாக ஒன்று சொன்னேன். அந்தக் கடைக்கே அழைப்பு எடுத்து, இதே நாணயத்தை நாளைக்கு நான் கொண்டுவந்தால் என்ன விலைக்குத் திருப்பி எடுப்பீர்கள் என்று கேள். விற்கும் விலைக்கும் எடுக்கும் விலைக்கும் இடையில் உள்ளதுதான் உண்மையான செய்கூலி. பிறகு அதே கடையில் சாதாரண மேப்பிள் இலைக்கும் அதே கேள்வியைக் கேள். இரண்டு இடைவெளியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது.

"அவை கோவிக்கமாட்டினமோ அண்ணா?"

"நல்ல கடையென்றால் உடனே சொல்லுவினம்."

"வடிவாய் இருக்கு, அதுதான் வாங்கினால் என்ன?"

அதற்கு என்னிடம் மறுப்பில்லை. அழகுக்காக வாங்குகிறேன், கூலி போனால் போகட்டும் என்று தெரிந்து வாங்கினால் அது காப்பு வாங்குவதுபோல. அம்மாமார் எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள். சேமிப்பு என்று சொல்லிக்கொண்டு வாங்குவதுதான் எனக்குப் பயம்.

அன்று இரவு பதினொரு மணிக்கு அவள் ஒரு தாளின் படத்தை அனுப்பினாள். இடது பக்கம் இலை, வலது பக்கம் அந்த நாணயம், கீழே கழித்தல் கணக்கு. இலையின் இடைவெளி ஒற்றை இலக்கத்தில் நின்றது. மற்றதற்கு நேரே, கடைக்காரர் 'அந்த நேரத்து வெள்ளி விலையைத் தருவோம்' என்று சொன்னதாக எழுதியிருந்தாள். அதைச் சுற்றி இரண்டு வட்டம்.

அடுத்த செய்தி: "ஓநாயை எனக்கு 23க்குத் தருவீங்களோ?"

இன்றைய வெள்ளி விலையை ஒருக்கால் பார்த்துவிட்டு வா என்று பதில் போட்டேன்.